உங்களுக்குத் தெரியுமா? மட்டாஞ்சேரிக் கடைத்தெருவும் வியாபாரச் சட்டமும்

கொச்சிக்குப் போகிறவர்கள் மட்டாஞ்சேரியில் மிளகும் ஏலமும் வாங்காமல் திரும்புவதில்லை. அந்தத் தெருக்களில் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒவ்வொரு பெயர்ப்பலகைக்கும் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. மதுரை கீழமாசி வீதியிலும் சென்னை பாரிமுனையிலும் கடை வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் அதே சட்டங்கள்தாம். நியாயம் தம் பக்கம் இருந்தும், கையில் எழுத்து இல்லாமல் தோற்ற வியாபாரிகள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்காகவே இந்தத் துணுக்குகள்.

பெயரும் முத்திரையும்

● மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயம் 1568-இல் கட்டப்பட்டது. அங்கே காக்கப்படும் செப்பேடுகளோ அதைவிட ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தவை. ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், யூத வணிகர் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு ‘அஞ்சுவண்ணம்’ என்ற வணிகக் குழுவின் உரிமையையும் 72 சிறப்புரிமைகளையும் கொடுத்தார். சில வரிகளிலிருந்து விலக்கும் கிடைத்தது. இவை அனைத்தும் வட்டெழுத்தில், சாட்சிகளின் பெயர்களோடு செம்பில் பொறிக்கப்பட்டன. மன்னரின் வாக்கையே எழுத்தில் வாங்கி வைத்தார்கள் அந்த வணிகர்கள்.

● ‘மலபார் மிளகு’ புவிசார் குறியீடு பெற்ற பெயர். கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட நறுமணப் பொருள் வாரியத்தின் முயற்சியில் அது பதிவானது. இந்தியா முழுவதற்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் இருப்பது சென்னை கிண்டியில். இந்தச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. புவிசார் குறியீட்டை யாருக்கும் விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது, உரிமம் கொடுத்துக் காசாக்கவும் முடியாது. அது அந்த மண்ணில் விளைவிப்பவர்கள் அனைவருக்கும் பொதுவானது. ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ என்று தன் பெயரைப் பதிந்துகொண்டவரே அதைப் பயன்படுத்தலாம். வேறு ஊர்ச் சரக்குக்கு அந்தப் பெயரை ஒட்டி விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை.

● மூணாறு பக்கத்து மறையூர் வெல்லம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதே ஆண்டில் பழனி பஞ்சாமிர்தம், திண்டுக்கல் பூட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஆகியவையும் பட்டியலில் ஏறின. பதிவு பத்தாண்டுகளுக்குத்தான் செல்லும். சங்கம் நேரத்தோடு புதுப்பிக்காவிட்டால் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும்.

● ‘மலபார்’ என்ற சொல்லை ஒருவர் தனக்கு மட்டும் என்று வளைத்துக்கொள்ள முடியுமா? பிரியாணி அரிசிக்கு அந்தப் பெயரை வைத்திருந்த நிறுவனம், அதே சொல்லைப் போட்டு அரிசி விற்ற இன்னொரு நிறுவனத்தைத் தடுக்கக் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. படமும் எழுத்தும் சேர்ந்த லேபிளுக்குத்தான் பதிவு, ‘மலபார்’ என்ற தனிச் சொல்லுக்கு ஏகபோகம் இல்லை என்று 2018-இல் தீர்ப்பானது. ஊர்ப் பெயரை மட்டும் நம்பி பிராண்ட் கட்டுகிறவர்கள் மனத்தில் வைக்க வேண்டிய தீர்ப்பு.

● திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வாவின் பெயரும் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. இரு தரப்பிடமும் பதிவுச் சான்றிதழ் இருந்தது. யார் முதலில் அந்தப் பெயரில் வியாபாரம் செய்தாரோ அவருடைய உரிமையே மேலானது என்று 2015-இல் நீதிமன்றம் சொன்னது. உங்கள் தாத்தா காலத்துப் பில் புத்தகத்தையும் பழைய விளம்பரத் துண்டையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். முதலில் பயன்படுத்தியவர் யார் என்பதற்கு அவையே சாட்சி.

● கேரள அரசுப் பேருந்தும் கர்நாடக அரசுப் பேருந்தும் ‘கேஎஸ்ஆர்டிசி’ என்ற ஒரே சுருக்கத்துக்காகப் பல ஆண்டுகள் மோதின. கேரளக் கழகம் 1965-இல் தொடங்கியது. கர்நாடகம் அந்தப் பெயரை 1973 முதல் வைத்திருக்கிறது, 2013-இல் பதிவும் வாங்கிவிட்டது. பெயர் தங்களுக்கே என்று 2021-இல் கேரளத்தில் கொண்டாடினார்கள். ஆனால் 2023 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கேரளத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தது. இன்றும் இரண்டு மாநிலப் பேருந்துகளும் அதே எழுத்துகளோடு ஓடுகின்றன.

● வணிகச் சின்னத்துக்கு விண்ணப்பிக்கத் தனிநபரும் சிறு நிறுவனமும் இணையவழியில் கட்ட வேண்டியது ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பொருள்களும் சேவைகளுமாக மொத்தம் 45 வகுப்புகள். மிளகும் மசாலாவும் 30-ஆம் வகுப்பில் வரும். பெயருக்குப் பக்கத்தில் ‘டிஎம்’ என்று யாரும் போடலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தைப் பதிவு முடிந்த பிறகுதான் போட வேண்டும், முன்கூட்டியே போடுவது சட்டப்படி தவறு. பதிவு வாங்கிவிட்டு ஐந்தாண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால், அதை நீக்கும்படி மற்றவர் கேட்கலாம்.

● இந்தியப் பதிவு இந்தியாவுக்குள்தான் செல்லும். அகத்தியமலைக் காணிப் பழங்குடியினர் காட்டிக்கொடுத்த ‘ஆரோக்கியப்பச்சை’ என்ற செடியிலிருந்து, திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்ச ரூபாய்க்கும் 2 சதவீத ராயல்டிக்கும் அதன் தயாரிப்பு உரிமம் தரப்பட்டது. வருவாயில் பாதி காணி மக்களுக்கு என்பது ஏற்பாடு. உலகமே பாராட்டிய ஏற்பாடு அது. ஆனால் 1999-இல் ஓர் அமெரிக்க நிறுவனம் ‘ஜீவனி’ என்ற பெயரைத் தன் நாட்டில் பதிந்துகொண்டது. ஏற்றுமதி செய்யப்போகிறவர் சரக்குக்கு முன்னால் பெயரை அனுப்ப வேண்டும்.

கலையும் கைப்பக்குவமும்

● கடைக்கு லோகோ வரைந்து வாங்கிப் பணமும் கொடுத்துவிட்டீர்கள். அதன் பதிப்புரிமை யாருக்கு? உங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்காத வடிவமைப்பாளர் என்றால், எழுதிக் கையெழுத்திட்டுத் தராதவரை உரிமை பெரும்பாலும் அவரிடமே இருக்கும். எழுதி வாங்கும்போதும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுக்கே தந்ததாகவும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டுமே தந்ததாகவும் பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘எக்காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்’ என்ற ஒரு வரியைச் சேர்க்க மறக்கக் கூடாது.

● கொச்சி-முசிறி பினாலே 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கியபின் ஃபோர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் பழைய கிடங்குகள் ஓவியக் கூடங்களாயின, சுவர்களில் சித்திரங்கள் ஏறின. தெருவில் இருக்கும் ஓவியம்தானே என்று அதைப் படமெடுத்துப் பொட்டலத்திலோ விளம்பரத்திலோ போட்டுவிட முடியாது. மும்பைச் சுவரோவியம் ஒன்றைத் தன் விளம்பரத்தில் எடுத்தாண்ட காப்பீட்டு நிறுவனத்திடம், அதன் இணையப் பதிவுகளை அகற்றும்படி 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

● ஓவியத்தை விலைக்கு வாங்கியவரும் அதைச் சிதைக்கக் கூடாது. டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசு 1979-இல் பெயர்த்தெடுத்துச் சேதப்படுத்தியது. அவர் வழக்குப் போட்டார். 2005-இல் 5 லட்ச ரூபாய் இழப்பீடும், எஞ்சிய சிற்பமும் அவருக்கே தரப்பட்டன. படைப்பாளியின் தார்மீக உரிமைக்கு இந்திய நீதிமன்றம் கொடுத்த பெரிய மரியாதை அது.

● மட்டாஞ்சேரி யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளில் மரத்தூண்கள், வெண்கல உருளிகள், பெட்டகங்கள் கண்ணைப் பறிக்கும். வாங்குமுன் ஒரு கேள்வி: அதன் வயது என்ன? 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருள் தொல்பொருளாகும். ஓலைச்சுவடி போன்ற கையெழுத்துப் படிகளில் மதிப்புள்ளவற்றுக்கு 75 ஆண்டே போதும். அவற்றை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் யாரும் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, மீறினால் சிறை. புதிதாகச் செய்த நகலை அனுப்புவதாக இருந்தாலும், ‘இது தொல்பொருள் அன்று’ என்ற இந்தியத் தொல்லியல் துறையின் சான்று கையில் இருந்தால் சுங்கத்தில் வம்பு இல்லை.

● கொச்சியில் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுப்பித்த ‘ஹோர்த்துஸ் மலபாரிகஸ்’, ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வந்தது. எழுநூற்றுக்கு மேற்பட்ட செடிகளின் விவரம் அதில் உண்டு. அந்த அறிவைத் தந்தவர்கள் ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற கொங்கணி வைத்தியர்களும். அவர்களின் எழுத்துமூலச் சாட்சியங்கள் நூலிலேயே அச்சாகியிருக்கின்றன. உள்ளூர் வைத்தியரைப் பெயர் சொல்லி மதித்த நூல் அது.

● எழுதிவைத்த பழைய அறிவு வழக்கில் வெல்லும். காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குக் காப்புரிமை கிடைத்தது. நம் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றமான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களை ஆதாரமாக அடுக்கி எதிர்த்தது, 1997-இல் அது ரத்தானது. மரபறிவை அப்படியே கொண்டுவந்து காப்புரிமை கேட்டால், இந்தியக் காப்புரிமைச் சட்டம் அதைக் கண்டுபிடிப்பாகவே ஏற்காது.

● மசாலாக் கைப்பக்குவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. செய்முறையை எழுதிய நடைக்குத்தான் உண்டு. வியாபார ரகசியத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டமும் இல்லை. எனவே அரைவைக் கூடத்தில் வேலைக்கு வருகிறவரிடம் ரகசியம் காக்கும் ஒப்பந்தம் எழுதி வாங்குவதே வழி. ஆனால் ‘வேலையை விட்டபின் இதே தொழிலைச் செய்யக் கூடாது’ என்று எழுதி வாங்கினால் அது செல்லாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அவர் பிழைப்பைக் காக்கிறது. கடையை அதன் நற்பெயரோடு விலைக்கு விற்றவரை மட்டும், நியாயமான எல்லைக்குள், அப்படிக் கட்டுப்படுத்தலாம்.

கணக்கும் கைமாற்றும்

● பேரேட்டில் பற்று எழுதியிருந்தால் பணம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. பேரேட்டுப் பதிவு சாட்சியாகும், ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்து ஒருவர் மீது கடனைச் சுமத்த முடியாது. ரசீதோ, சரக்குப் பெற்ற கையெழுத்தோ துணைக்கு வேண்டும். கடனுக்குக் கொடுத்த சரக்கின் விலையைக் கேட்டு வழக்குப் போட மூன்றாண்டுதான் கெடு. அதற்குள் ‘இவ்வளவு பாக்கி’ என்று அவர் கையெழுத்திட்டு எழுதித் தந்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்றாண்டு. ஆண்டு முடிவில் பாக்கி உறுதிக் கடிதம் வாங்கும் பழைய வழக்கத்தின் பலம் இதுதான்.

● வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டரும் ஒப்பந்தமே. மின்னணு வடிவில் இருப்பதால் மட்டும் அது செல்லாமல் போகாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டம். நீதிமன்றத்தில் அச்சிட்டுக் காட்டும்போது உரிய சான்றிதழும் சேர்க்க வேண்டும். உரையாடலை அழித்துவிட்டால் ஆர்டரும் போயிற்று.

● அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் கடையைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. ஆனால் 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69-ஆம் பிரிவைப் பாருங்கள்: பதிவில்லாத கூட்டு நிறுவனம், ஒப்பந்தப்படி தனக்கு வரவேண்டியதைக் கேட்டு வெளியார் மீது வழக்குப் போட முடியாது. வெளியார் அதன் மீது வழக்குப் போடலாம்! பதிவுக் கட்டணத்தை மிச்சம் பிடித்துப் பெருந்தொகையை இழக்காதீர்கள்.

● செக் திரும்பினால் நாள்களை எண்ண வேண்டும். செக் திரும்பியதை வங்கி தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்துமூல நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது சேர்ந்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். தண்டனை இரண்டாண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். செக்கின் ஆயுள் 2012 ஏப்ரல் முதல் மூன்று மாதம்தான்.

● குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது. ஒப்பந்தம் எழுதவில்லை என்றால் 15 நாள்தான். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதம்தோறும் கூடும் வட்டி. ஆனால் வாங்கி விற்கும் மொத்த வியாபாரியும் சில்லறை வியாபாரியும் 2021 முதல் ‘உத்யம்’ என்ற சிறுதொழில் பதிவு பெற்றாலும், முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே தகுதி. இந்த 45 நாள் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. மட்டாஞ்சேரி மண்டிக்காரர்களைப் போன்றவர்கள் கெடுவையும் வட்டியையும் தாங்களே பில்லில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கடையும் கிடங்கும்

● கடை வாடகை ஒப்பந்தம் ஏன் எப்போதும் 11 மாதம்? ஓராண்டைத் தாண்டும் குத்தகைக்குப் பத்திரப் பதிவு கட்டாயம் என்பதால். கேரளத்தில் 1965-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, உரிமையாளர் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது காலி செய்யச் சொல்லப் போதுமான காரணம். தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த சட்டமோ, எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது.

● மிளகு பளபளக்க வேண்டும் என்று கனிம எண்ணெய் தடவுவது உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2012 டிசம்பரில் முன்பேரச் சந்தைக்காகக் கொச்சிக் கிடங்குகளில் வைத்திருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகுக்கு இந்தக் காரணத்தால் அதிகாரிகள் முத்திரை வைத்தார்கள். சரக்கு முடங்கியபோது தவறு செய்யாதவர்களின் பணமும் சேர்ந்து முடங்கியது.

● ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற பலகை பழுதான பொருளுக்குச் செல்லாது. பில்லில் கெடு எழுதியிருந்தால் அதற்குள், எழுதாவிட்டால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே.

● துணிக்கடைப் பெண்கள் நாள் முழுவதும் நின்றே வேலை செய்த கொடுமைக்கு எதிராகக் கோழிக்கோட்டில் ‘பெண்கூட்டு’ அமைப்பு போராடியது. அதன் பயனாக 2018-இல் கேரளம், கடைப் பணியாளர்கள் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021-இல் தமிழ்நாடும் அதைப் பின்பற்றியது. உங்கள் கடையில் நாற்காலி போட்டிருக்கிறதா?

கப்பலும் கூலியும்

● மட்டாஞ்சேரித் துறைமுகத் தொழிலாளிகளுக்கு ஒரு காலத்தில் வேலை கிடைத்தது ‘சாப்பா’ என்ற உலோக வில்லையால். ஆள்பிடிப்பவர் வில்லைகளைக் கூட்டத்தின் மேல் எறிவார், முட்டிமோதிப் பிடித்தவருக்கு அன்று கூலி. இந்த இழிவை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் உயிரிழந்தார்கள். வேலைக்கும் கூலிக்கும் எழுத்தில் விதி வேண்டும் என்பதற்குத் தொழிலாளிகள் கொடுத்த விலை அது.

● சுமை தூக்குவோருக்குக் கேரளத்தில் 1978-ஆம் ஆண்டுத் தனிச் சட்டம் உண்டு. தூக்காமலே பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கேட்கும் ‘நோக்குக்கூலி’க்கு 2018 மே 1 முதல் தடை.

● கப்பலையே கைது செய்யலாம்! சரக்கு நட்டத்துக்காக உயர் நீதிமன்றம் துறைமுகத்தில் நிற்கும் கப்பலைப் பிடித்துவைக்க 2017-ஆம் ஆண்டுக் கடல்சார் சட்டம் இடம் தருகிறது. 2025 மே 25 அன்று கொச்சிக் கடலில் ‘எம்எஸ்சி எல்சா-3’ மூழ்கியது. அதில் சரக்கை இழந்த ஒரு முந்திரி இறக்குமதியாளர் கேரள உயர் நீதிமன்றத்தை நாடினார். எம்எஸ்சி கப்பல் நிறுவனத்தின் இன்னொரு கப்பல் பிடித்துவைக்கப்பட்டு, ஏறத்தாழ 6 கோடி ரூபாய் ஈடு கட்டிய பின்பே விடுவிக்கப்பட்டது. சரக்கு ஆவணங்கள் கையில் இருந்ததால்தான் ஒரு தனி வியாபாரி உலகப் பெரும் கப்பல் நிறுவனத்திடம் ஈடு கேட்க முடிந்தது.

வாசகர்களே, சட்டம் பணக்காரருக்குத்தான் என்று விட்டுவிடாதீர்கள். இந்த மாதமே மூன்று வேலைகளை முடியுங்கள்: கடைப் பெயருக்கு விண்ணப்பம் போடுங்கள், பாக்கி வைத்திருப்பவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள், வாடகை, கூட்டு, லோகோ ஒப்பந்தங்களை எழுத்தாக்குங்கள். சிக்கல் பெரிது என்றால் வழக்கறிஞரைப் பாருங்கள். வசதி இல்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது.